ஏழு பொருள் தொங்கிய வாசல்

இரோகோமேட்டா ஊரின் சகல ஜனங்களுக்கும், ஊரில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களுக்கும், செவியுள்ள பிற உயிர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நிகழும் மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணி முதல் இவ்வூர்ச் சந்தையில் திருட்டு ஒழிக்கப்படுகிறது. இங்ஙனம், சகேயு அடெடோகுன், பி.ஏ., ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், தலைவர், சந்தைப் பாதுகாப்பு மற்றும் நல்லொழுக்கக் குழு.

இதை அவரே எழுதி, அவரே திருத்தி, மைத்துனனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தேவாலயத்து ஒலிபெருக்கியில் தெருத்தெருவாக வாசித்தார். எந்தத் தெருவிலும் எண்ணெய்ச் சட்டியில் அகாரா வடை பொரிவது நிற்கவில்லை. அந்த வருடத்தில் இது நான்காவது ஒழிப்பு.

முதல் ஒழிப்பு விசிலால் நடந்தது. நாற்பது இளைஞர்களுக்கு நாற்பது விசில் என்று ஏற்பாடு. முதல் சந்தை நாளன்றே விசில் மூட்டை காணாமல் போயிற்று. ஊதி ஊரைக் கூட்டலாம் என்றால் விசில் இல்லை. இரண்டாவது ஒழிப்பு கேமரா. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிதான் என்றாலும் பார்வைக்குப் பயமாக இருந்தது. ஒரு கம்பத்தில் ஏற்றி வைத்தார். பெட்டியைத் தரையில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுக் கம்பத்தைக் கொண்டுபோனார்கள். மூன்றாவதாக, ‘குற்றத்தின் வேர்கள்’ என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் பேசினார். பேசி முடித்து வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிளில் முன்சக்கரம் இல்லை. இப்போது ஓடுவது வேறு ஏதோ வண்டியின் சக்கரம். அதனால்தான் அறிவிப்பின் முக்கியமான இடங்களில் எல்லாம் குரல் குலுங்கியது.

மனிதர் ஏன் இப்படி அலைகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஊரின் அரசரான ஓபா ஒருநாள் கோலாக்கொட்டையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்: “சந்தையில திருட்டு நிக்கட்டும், சகேயு. அன்னிக்கே உன் தொப்பியில அகோகோ இலையைச் செருகி உன்னை ஆபோ ஆக்கிடறேன்.” ஆபோ என்றால் ஊர்க்காவல் பட்டம். முந்தைய ஆபோ செத்து ஒன்பது வருடமாக அந்தப் பட்டம் ஆளில்லாமல் கிடந்தது. சகேயு அடெடோகுன் அறுபத்து நான்கு வயதிலும் வெறும் ‘மிஸ்டர்’. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியில் ‘சீஃப்’களை முதலில் கூப்பிடுவார்கள். இறைச்சித் தட்டு அவர்களைத் தாண்டி இவரிடம் வருவதற்குள் அதில் எலும்பும் மிளகாயும்தான் மிஞ்சும். அப்படி முதலில் கூப்பிடப்படுகிறவர்களில் இரண்டு பேர் மூன்றாம் வகுப்பில் இவர் கையால் பெயில் ஆனவர்கள். வலிக்காதா?

நான்காவது ஒழிப்புக்கான யோசனை ஒரு விழுகையில் பிறந்தது. சந்தைச் சாலைத் திருப்பத்தில் அந்நிய முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்க, சகேயு புழுதியில் உட்கார்ந்தார். எதிரே அபெனியின் விறகு. பக்கத்தில் பலகைமேல் மூன்று குவியல் சேனைக்கிழங்கு. ஒவ்வொரு குவியலுக்கு முன்னாலும் விலையைக் காட்டும் கூழாங்கற்கள். விற்கிற ஆள் இல்லை. அபெனி காட்டுக்குப் போயிருந்தாள். ஒரு குச்சி நட்டு அதில் தேய்ந்த ஒற்றைச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவ்வளவுதான் காவல்.

முப்பது வருடமாக அந்த வழியில் போய்வருகிறார். ஆய்வாளராக இருந்தபோது இந்தச் செருப்பைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு அறிக்கைகூட எழுதியிருக்கிறார். ‘களையப்பட வேண்டியவை’ என்ற தலைப்பில் நான்காவது பத்தி. இன்றைக்குத்தான் அதை உட்கார்ந்த மட்டத்திலிருந்து பார்த்தார். கம்பத்தையும் சக்கரத்தையும் கொண்டுபோன ஊர் இந்த விறகில் ஒரு சுள்ளியைத் தொடவில்லை.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அபெனி வந்து சேர்ந்தாள். ஐம்பது வயது, எதற்கும் அவசரப்படாத பெண்பிள்ளை. வழக்கப்படி முழங்கால் மடக்கி வணங்கினாள்.

“என்ன ஐயா, தரையில உக்காந்து ஆய்வு நடக்குதா?”

“அபெனி, இதை யாருமே தொட மாட்டாங்களா?”

“நீங்க தொட்டுப் பாருங்களேன்.”

சகேயு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். “நான் கிறிஸ்தவன். சபை மூப்பன். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது.”

“அப்ப கையை வெளிய எடுங்க.”

எடுக்கவில்லை. இப்படிக் காவலுக்குத் தொங்கவிடும் ஆலேயைக் கட்டுவது எப்படி என்று மட்டும் விசாரித்தார், ஆராய்ச்சிக்காக.

“அதுல என்ன இருக்கு? என் விறகு, நான் வெட்டினது. எடுக்கிறவன் இந்தச் செருப்பாட்டம் தேஞ்சு, ஜோடியத்துக் கிடப்பான்னு சொல்லிக் கட்டினேன். இரும்புக்கு அதிபதி ஓகுன் கேட்டுக்குவாரு. நம்ம பொருளுக்கு நாமதான் கட்டணும். கட்டின கைதான் அவிழ்க்கணும். வேற எவன் கை வெச்சாலும் அவன் பாடு.”

“ஒரு செருப்பு ஒரு விறகுக்கட்டைக் காப்பாத்தும்னா, ஏழு பொருள் கட்டினா?”

“ஏழா? அவ்வளவு விறகா வெச்சிருக்கீங்க?”

பதினான்காம் தேதி சந்தை நாள். பெரிய வாசலில் ஏணி போட்டு சகேயு தானே ஏறினார். தேவாலயத்தில் முன்கூட்டியே இதற்கு ‘உளவியல் முறை’ என்று பெயர் வைத்து அனுமதி வாங்கியிருந்தார். ஒவ்வொன்றாகக் கட்டினார்: தேய்ந்த செருப்பு, மணி உதிர்த்த சோளக்கட்டை, விளக்குமாற்றுக் கட்டை, உள்ளே ஆளில்லாத நத்தை ஓடு, பல் போன சீப்பு, கருகிய சட்டித் துண்டு. ஏழாவதாக, காலத்துக்கேற்ப, தீர்ந்துபோன டார்ச் பேட்டரி. கூட்டம் வாயைத் திறந்து பார்த்தது. ஒரு பொருளுக்கே ஒதுங்கிப் போகிறவர்கள். ஏழு பொருளைச் சேர்த்து ஒரே கயிற்றில் யாரும் பார்த்ததில்லை.

ஏணியில் நின்றபடியே சொன்னார்: “இந்தச் சந்தையில் தனக்குச் சேராததை எடுப்பவனை இந்த ஏழும் பார்த்துக்கொள்ளட்டும்.”

“போதும் ஐயா, எறங்குங்க,” என்றாள் அபெனி கீழேயிருந்து.

போதும்தான். ஆனால் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்தவர் ஒரு வாக்கியத்தோடு இறங்கின சரித்திரம் உண்டா? கையில் எழுதிவைத்த நான்கு பக்கம் வேறு இருந்தது.

“எடுப்பவனை மட்டுமல்ல! இந்தச் சந்தை தோன்றிய நாள் முதல் இன்றுவரை எடுத்தவனை! எடுத்ததை வாங்கியவனை! அளவுக் கிண்ணத்தின் அடியைத் தட்டி உள்ளே தள்ளியவனை! பெரியவன் சிறியவன் என்றில்லை, படித்தவன் படிக்காதவன் என்றில்லை! பொதுப் பொருளைப் பாதுகாக்கிறேன் என்று வீட்டில் வைத்துக்கொண்டவனை! அவன் இந்த வாசலைக் கடக்கட்டும், இந்த ஏழும் அவனைக் கண்டுகொள்ளும்!”

‘வீட்டில் வைத்துக்கொண்டவனை’ என்று சொல்லும்போது கையை வீசிக் காட்டினார். கை தக்காளி வரிசைப் பக்கம் போயிற்று. கண்ணும் கூடப் போயிற்று. தக்காளி வரிசைக்குக் கூரை கிடையாது. ஏழு வருடமாகப் பெண்கள் கிழிந்த குடைகளுக்குக் கீழே உட்கார்ந்து விற்கிறார்கள்.

வீசிய கையைச் சகேயு அவசரமாகப் பைக்குள் விட்டுக்கொண்டார். இறங்காமல் ஏணியிலேயே நின்றார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் சந்தையில் தீப்பிடித்து அந்த வரிசை எரிந்தது. அரசாங்கம் நாற்பது தகரம் அனுப்பியது. தகர விநியோகக் குழுவின் தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மழை வரும், துருப்பிடிக்கும், திருட்டுப் போகும் என்று தகரத்தைத் தம் வீட்டில் பத்திரப்படுத்தினார். தரையில் வைத்தால் செல்லரிக்கும் என்று யாரோ சொன்னார்கள். தகரத்தைச் செல்லரிக்காது என்று பள்ளி ஆய்வாளருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் எதற்கு வம்பு என்று வரவேற்பறைக்கு மேலே வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க ஆணி அடித்தார்.

இறங்கி வந்தபோது யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தைப் பெண்களின் தலைவி, ஊரார் இயாலோஜா என்று கூப்பிடும் அல்ஹாஜா ரலியத்து, மெக்காவுக்கு இரண்டு முறை போய்வந்தவள். அவள்தான் முதலில் பேசினாள்.

“எனக்கு முழங்கால் வலி. இந்த வாசல்ல மேடு ஜாஸ்தி. நான் பின்பக்கமா போறேன்.”

வாசலில் மேடே கிடையாது. ஆனால் அந்த நிமிடம் ஊரில் நூற்றுச் சொச்சம் பேருக்கு முழங்கால் வலி கண்டது.

பின்பக்கம் என்பது ஆடு வெட்டும் கல்லுக்குப் பக்கத்தில் சுவர் இடிந்த ஒரு சந்து. ஆடுகள் போய்வருவதற்காக ஆடுகளே உண்டாக்கியது. அடுத்த சந்தை நாளில் இரோகோமேட்டாவின் வணிகம் முழுவதும் அதற்குள் குனிந்து நுழைந்தது. தலையில் கூடையோடு குனிய முடியாது என்பதால் கூடையை முதலில் தள்ளிவிட்டுப் பிறகு ஆள் தவழ வேண்டியிருந்தது. கனத்த பெண்கள் இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளப்பட்டார்கள். வாசலில் நின்று வண்டிக்கு ஒரு கிழங்கு வாங்கும் போலீஸ்காரர் அன்று சாலையின் மறுபக்கம் போய் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கயிறு ஏறியதிலிருந்து அந்த ஐந்து நாளும் ஊர் முழுக்க டங் டங் என்று ஒரே சத்தம். அரிசி விற்கும் பெண்கள் அளவுக் கிண்ணங்களின் அடியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சந்தை மரத்தடியில் ஒரு குவியல் வளர்ந்தது: கேமராக் கம்பம், மோட்டார் சைக்கிள் முன்சக்கரம், முப்பத்தேழு விசில், யாரும் தொலைத்ததாகச் சொல்லாத ஒரு தையல் இயந்திரம்.

பெரிய வாசல் வழியாகப் போய்வந்தது ஒரே ஒரு ஆள். லமிடி. சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற ஜேப்படிக்காரன்.

“டேய் லமிடி,” சகேயு அவனைத் தனியாகப் பிடித்தார். “உனக்குப் பயமா இல்லையா?”

“எதுக்குங்க ஐயா? நான் இந்தச் சந்தையில கை வெச்சதே இல்லையே.” லமிடி வருத்தத்தோடு சொன்னான். “நம்ம ஊரு ஜனங்க பையில என்ன இருக்கு? அது போக, சொந்த ஊர்ல எப்படிங்க? நாளைக்கு மூஞ்சியில முழிக்க வேணாமா? எனக்குத் தொழில் எல்லாம் பக்கத்து ஊர்லதான்.”

மதியத்துக்குள் ஜனங்கள் யோசனை கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தில் நுழையாத பெரிய மூட்டைகளை லமிடியிடம் கொடுத்து வாசல் வழியாக அனுப்பினார்கள். கூலியாக வறுத்த கிழங்கும் மிளகாய்க் குழம்பும் கொடுத்தார்கள். ஊர்ச் சொத்து முழுவதும் அன்று மீதிப் பொழுதெல்லாம் அவன் தலையில் போயிற்று. ஒரு மணி அரிசி குறையவில்லை.

சகேயு தம் சபைப் போதகரிடம் போனார்.

“போதகரே, ஆண்டவர் பெரியவரா, அந்தச் செருப்பு பெரிசா?”

“இதென்ன கேள்வி மூப்பரே! ஆண்டவர்தான்.”

“அப்ப தைரியமா அந்த வாசல் வழியா நடக்கலாம் இல்லையா?”

“தாராளமா.” போதகர் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தார். “ஆனா ஆண்டவரை எதுக்கு வீணா வேலை வாங்கணும்?”

போதகரின் வெள்ளை அங்கியில் முழங்கால் இருக்கும் இடத்தில் ஆட்டுப்புழுக்கைக் கறை இருந்தது. சகேயு பார்த்தார். போதகர், அவர் பார்த்ததைப் பார்த்தார். ஜெபம் செய்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. சகேயு பதினைந்து முழ அகலக்கை அக்பாடாவோடு ஓபாவின் முன்னால் குப்புற விழுந்து வணங்கினார்.

“கபியேசி!”

“எந்திரி, எந்திரி. துணி கசங்குது. திருட்டு நின்னு போச்சாமே?”

“தங்கள் ஆசியால், கபியேசி.”

“ஆசி என்னப்பா ஆசி, செருப்பு.” ஓபா கோலாக்கொட்டையைக் கடித்து உடைத்தார். “சொன்ன சொல்லு சொன்னதுதான். வர்ற சனிக்கிழமை பட்டம். ஊர்வலமா பெரிய வாசல் வழியா சந்தைக்குள்ள போறோம். நீ முன்னாடி நடக்கிறே. நான் பின்னாடி. ஊர்க்காவல்னா அதானே மொறை?”

வருடக்கணக்கில் காத்திருந்த வார்த்தைகள். சகேயுவின் காதில் ‘பெரிய வாசல்’ மட்டும்தான் விழுந்தது. வெளியே வந்தவர், அரண்மனைக் கார் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அண்ணாந்து பார்த்தார். கொட்டகைத் தகரங்களின் அடியில் நீல எழுத்தில் அச்சடித்திருந்தது: சந்தைக்கு மட்டும். மறந்தே போயிருந்தார். பத்திரப்படுத்திய நாற்பதில் பதினெட்டை அப்போதே இங்கே காணிக்கையாக அனுப்பியிருந்தார்.

வீட்டில் மனைவி கம்ஃபர்ட் வரவேற்பறையை விட்டுவிட்டுச் சமையல்கட்டிலேயே குடியேறியிருந்தாள். மூத்த மகன் டாயோ பிறந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“டாயோ அம்மா, ஏன் இங்க உக்காந்திருக்கே?”

“அங்க உக்காந்தா அண்ணாந்து பாக்கத் தோணுது.”

மேல்தளத்துக்குப் பலகை அடிக்கிறேன் என்று ஏழு வருடமாகச் சொல்லி வந்தார். அடிக்கவில்லை. அதனால் அந்த வீட்டுச் சோபாவில் யார் சாய்ந்து உட்கார்ந்தாலும் ‘சந்தைக்கு மட்டும்’ என்ற வாசகத்தை இருபத்திரண்டு முறை படிக்கலாம்.

“பாதுகாப்புக்காகத்தானே வெச்சேன்.”

“ஆமாமா. நல்லாத்தான் பாதுகாத்தீங்க. ஒரு பொட்டு மழை நம்ம சோபா மேல படாம அதுவும் பாத்துக்கிச்சு.”

“நீயும்தானே அதுக்குக் கீழ இருந்தே?”

“அதான் நானும் ஆட்டுச் சந்துல தவழ்ந்துட்டு வரேன். இந்தா, முட்டியைப் பாருங்க. குடுத்துத் தொலைங்க, டாயோ அப்பா.”

“குடுத்தா ஏன் குடுத்தேன்னு கேப்பாங்களே! பட்டத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில!”

“குடுக்காம போனா வாசல்ல ஏன் வேர்க்குதுன்னு கேப்பாங்க.”

அவள் அமாலாவைக் கிண்டத் திரும்பிக்கொண்டாள். அந்த மாவைக் கிண்டும் வேகத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

கடைசி முயற்சியாக அபெனியிடம் போனார். விறகுக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அபெனி, ஒரு ஆராய்ச்சிக் கேள்வி. ஆலே கட்டின ஆளே அவிழ்த்துட்டா?”

“அவிழ்க்கலாம். உங்க கைதானே கட்டிச்சு. ஆனா ஊரு கேக்கும், ஏன்னு.”

“நடக்காம, நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போனா?”

“அப்ப அஞ்சு பேரைப் பாத்துக்கும்.”

“சும்மா ஒரு பேச்சுக்கு... அது என்னதான் செய்யும்?”

அபெனி கயிற்றை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் கேலியும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

“தெரியாது ஐயா. என் விறகை எவனும் எடுத்ததில்லை. எடுத்திருந்தா சொல்லலாம்.” பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: “ஒரு ஆலே கட்டினா ஒரு திருடனுக்குத் தூக்கம் போகும். நீங்க ஏழு கட்டிட்டீங்க. உங்களுக்கு எத்தனை நாளாத் தூக்கமில்லை?”

“அஞ்சு நாளா,” என்றார் சகேயு, சொல்லிவிட்டுத்தான் உணர்ந்தார்.

“அதைத்தான் செய்யும்,” என்றாள் அபெனி.

வெள்ளிக்கிழமை மதியம், பாதி ஊர் மசூதியிலும் மீதி ஊர் சாப்பாட்டுத் தூக்கத்திலும் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தச்சனைக் கூட்டிவந்து கூரையைப் பிரித்தார். இருபத்திரண்டு தகரம் கைவண்டியில் ஏறியது. ஆணி கழன்ற தகரங்கள் வழிநெடுக அடித்துக்கொண்ட சத்தத்தில் மசூதிக்காரர்களும் எழுந்துவிட்டார்கள், தூங்கினவர்களும் எழுந்துவிட்டார்கள். சந்தைக்கு வந்து சேரும்போது வண்டிக்குப் பின்னால் ஊரே இருந்தது.

சகேயு தொண்டையைக் கனைத்தார். “நாளை பட்டம் பெறப்போகும் நன்னாளை முன்னிட்டு, தக்காளி வரிசைச் சகோதரிகளுக்கு என் சொந்த அன்பளிப்பாக...”

இயாலோஜா ஒரு தகரத்தைத் திருப்பிப் போட்டாள். நீல எழுத்து வெயிலில் மின்னியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற லமிடிக்குத் தெரியும்.

“‘சந்தைக்கு மட்டும்’னு போட்டிருக்கு,” என்று படித்துக் காட்டினான்.

தக்காளிப் பெண்களில் ஒருத்தி மட்டும் குடைக்கடியிலிருந்து சிரித்தாள், வாயை முந்தானைத் துணியால் மூடிக்கொண்டு.

“ஏழு வருசம் பாத்துக்கிட்டீங்களே, ரொம்ப நன்றி,” என்றாள் இயாலோஜா. குரலில் கேலியின் சுவடே இல்லை. “ஆனா ஐயா, தீப்பிடிச்ச வருசம் லாரியில வந்து எறங்கினதை நான் எண்ணினேன். நாப்பது. இது இருபத்திரண்டு. பாக்கி?”

சகேயுவின் கண் தன்னிச்சையாக அரண்மனைப் பக்கம் போயிற்று. இயாலோஜாவின் கண் அதைப் பின்தொடர்ந்து போயிற்று. கூட்டத்தின் கண்கள் இயாலோஜாவின் கண்ணைப் பின்தொடர்ந்தன.

“சரி,” என்றாள் அவள். “இருக்கிறதை அடிங்க.”

சாயங்காலத்துக்குள் தக்காளி வரிசையின் பாதிக்குமேல் கூரை ஏறியது. வீட்டுக்குப் போன சகேயு, வரவேற்பறையில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் சுத்தமாக, நீலமாக, எந்த எழுத்தும் இல்லாமல் இருந்தது. அன்று ஏழு மணிக்கே படுத்தார். ஆறு நாள் பாக்கித் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்கினார்.

சனிக்கிழமை ஊர்வலம் புறப்பட்டது. பட்டம் வாங்குவதற்கு முன்பே மனிதர் பட்டம் வாங்கியவர் போல நடந்தார். நீல அக்பாடா, சாய்த்து வைத்த தொப்பி, கையில் குதிரைவால் விசிறி. வாசல் தெரிந்ததும் நெஞ்சில் படபடப்பு இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அது சந்தோஷமான படபடப்பு. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போகிற மாணவனுடையது. அப்படி ஒரு மாணவனைத் தம் ஆய்வுக் காலத்தில் அவர் அதிகம் பார்த்ததில்லை.

வாசலுக்குப் பத்தடி முன்னால், பின்னால் வந்த மேளம் நின்றது. திரும்பிப் பார்த்தார். ஓபா நின்றுவிட்டிருந்தார். பாசிமணிக் கிரீடத்தின் சரங்களுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. கோலேந்தி முன்னால் வந்து உரக்க அறிவித்தான்:

“கபியேசியின் அரசக் குடை, இந்த வாசலின் உயரத்தைவிட உயரமாக இருப்பதால்...!”

குடையின் உச்சிக்கும் வாசல் விட்டத்துக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி இருந்தது. ஏழு பொருளும் அந்த இடைவெளியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“...அரசர் பெருமான் பின்வாசல் வழியாக எழுந்தருள்வார்!”

ஆட்டுச் சந்துக்குப் பின்வாசல் என்ற பெயர் அன்றைக்குத்தான் ஏற்பட்டது. சீஃப்கள் அனைவரும், மூன்றாம் வகுப்பில் பெயிலானவர்கள் உட்பட, அரசரின் கௌரவத்தை முன்னிட்டு அந்தப் பக்கமே திரும்பினார்கள். போதகரும் இமாமும் சேர்ந்து திரும்பினார்கள். மேளம் திரும்பியது. அரசர் தவழ்வதைப் பார்க்காமல் விடுவதாவது என்று ஊரே பின்னால் ஓடியது. அந்தச் சந்தில் நுழைய அரசக் குடையை மடக்க வேண்டியிருந்தது என்பதும், கிரீடம் கல்லில் இடித்ததும் பிற்பாடு கேள்விப்பட்டதுதான்.

சகேயு அடெடோகுன் வெறும் சாலையில் தனியாக நின்றார். கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு மார்பை நிமிர்த்தி, விசிறியை வீசி, நிதானமாகப் பெரிய வாசலுக்குள் நடந்தார். செருப்பு, சோளக்கட்டை, விளக்குமாறு, நத்தை ஓடு, சீப்பு, சட்டித் துண்டு, பேட்டரி. ஒவ்வொன்றின் கீழும் தலை நிமிர்ந்து போனார். ஒன்றும் ஆகவில்லை. வாழ்க்கையில் அவர் நடந்த நடைகளிலேயே அதுதான் கம்பீரமானது. அதைப் பார்த்தவன் லமிடி ஒருவன்தான். மூட்டைச் சுமை இல்லாததால் அவன் வாசல் நிழலில் கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

“வணக்கம், சீஃப்,” என்றான்.

முதன்முதலாக அந்த வார்த்தை. சகேயுவின் கண் கலங்கிவிட்டது.

முழங்கால் முழுவதும் ஆட்டுச் சேற்றோடு வந்து சேர்ந்த ஓபா, சுற்றி வளைக்காமல் அகோகோ இலையை அவர் தொப்பியில் செருகினார். அரசர் பார்வை ஒரு கணம் தக்காளி வரிசைக் கூரைக்குப் போய்விட்டு, அது முடிகிற இடத்தைக் கண்டதும் வேகமாகத் திரும்பி வந்தது. அதைக் கவனித்த இயாலோஜா மிகவும் மரியாதையாக மண்டியிட்டு, “கபியேசி, இன்னும் பதினெட்டுதான்,” என்றாள். அரசருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

பேசும் மேளத்துக்காரன் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கி, புதிய ஆபோவின் புகழை அடிக்க ஆரம்பித்தான். ஊரின் காவலே என்றது மேளம். ஏழு பொருள் கட்டிய கையே என்றது. அப்புறம் மேளத்துக்காரர்களுக்கே உரிய அந்தக் கள்ளச் சிரிப்போடு, எங்கள் தலைக்குக் கூரை கொடுத்தவரே, தன் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவரே என்றது. தக்காளிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்து ஆடினார்கள். சகேயுவும் ஆடினார். இறைச்சித் தட்டு வந்தபோது ஒலிபெருக்கி அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டது. தட்டில் எலும்பில்லாத துண்டுகளாகவே இருந்தன. கம்ஃபர்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சீஃபின் மனைவி எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு எடுத்துக்கொண்டாள்.

அப்போது புதிய ஆபோ எழுந்து நின்று, பையிலிருந்து ஒன்பது பக்கத்தை எடுத்துப் பிரித்து, “இரோகோமேட்டாவின் சகல ஜனங்களே! இன்றுமுதல் இவ்வூரில் யாரும் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை...” என்று ஆரம்பித்தார்.

மூன்றரை மணிக்கு மழை பிடித்து, அவருடைய சோபா நனைந்தது.